நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே

ஐந்து வந்துவிட்டது என்று சொல்லி ஆய்வகம் முழுவதும் ஜாங்கிரி கொடுத்துக்கொண்டு போனார்கள். சேதுமதிக்கும் ஒன்று வந்தது. அதைக் காகிதத்தோடு மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சீமைக்கருவேலத்தை வெட்டி அப்புறப்படுத்திய கரிசல் வெளியில், முழங்கால் உயரத்துக்குக் கம்பி ஏரியல்கள் வரிசை வரிசையாகக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றன. பார்த்தால் ஏதோ கைவிட்டுப்போன வேலி மாதிரி இருக்கும். அந்த வேலிக்காகத்தான் மஞ்சநேந்தலும் அதைச் சுற்றிய ஊர்களும் ஐந்து வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன.

அதற்கு அரசு வைத்த பெயர் அமைதி வட்டம். வட்டத்துக்குள் கைபேசி கூடாது. வைஃபை கூடாது. பெட்ரோல் வண்டி கூடாது; அதன் எஞ்சினில் தெறிக்கிற பொறிகூட ஏரியல்களுக்கு இடிமுழக்கம். டீசல் வண்டி ஓட்டலாம். இரும்பைப் பற்றவைக்கும் வெல்டிங் வேலைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தெருவுக்கு ஒரு கம்பி போன் போட்டுக் கொடுத்தார்கள். அவசரம் என்றால் அங்கே ஓடிவர வேண்டும்.

இந்த விதிகளை ஊர் மீறாமல் பார்த்துக்கொள்வது சேதுமதியின் வேலை. குறுக்கீட்டுப் பிரிவின் தலைவி. கூரையில் ஆண்டெனா பொருத்திய பழைய டீசல் ஜீப்பில் சுற்றுவாள். எந்த வீட்டிலிருந்து அலை கசிகிறது என்று பார்த்து, கதவைத் தட்டி, ஒளித்துவைத்திருக்கும் போனை வாங்கிக்கொண்டு போவாள். மரியாதையாகத்தான் பேசுவாள். ஆனால் விட்டுவிட்டு வந்தது கிடையாது. ஊரில் அவளுக்குப் 'போன் பிடிக்கிற அம்மா' என்று பேர்.

அவள் அருப்புக்கோட்டைக்காரி. மஞ்சநேந்தல் அவள் புருஷன் இருளப்பனின் ஊர். ஆய்வகம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மதுரையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே விண்ணப்பித்தாள். அவன் ஊர்ப் பள்ளிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். பி.டி. வாத்தியார். வாலிபால் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அப்படி என்னதான் கேட்கிறீர்கள் என்று அவன்தான் முதலில் அவளிடம் உருப்படியாக விசாரித்தவன்.

"நட்சத்திரம் ஒண்ணுகூடப் பிறக்காத காலம்னு வச்சுக்குங்க," என்று அவள் சொன்னாள். "பிரபஞ்சம் பூராவும் வெறும் ஹைட்ரஜன் வாயு, இருட்டுல குளுந்துபோய்க் கிடக்கு. அது மெல்லிசா ஒரு ரேடியோ அலையை விட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்த அலை நீண்டு நீண்டு, இன்னிக்கு இங்க வந்து சேர்றப்ப நம்ம எஃப்.எம். ரேடியோ ஓடுற இடத்துல வந்து விழுது."

"காந்தம் தேடுறோம்னு சொன்னீகளே, இதுல காந்தம் எங்க வந்துச்சு?"

"அந்த வாயுக்குள்ள மொதமொத ஒரு காந்தப்புலம் இருந்திருந்தா, அது வாயுவைக் கொஞ்சம் சூடாக்கியிருக்கும். அந்தச் சூடு அலையில தெரியணும். இன்னிக்கு இருக்கிற காந்தம் எல்லாம், சூரியனோடது, பால்வீதியோடது, எல்லாமே அந்த வெதையில இருந்து வளர்ந்து வந்ததாங்கிறதுதான் கேள்வி."

"வெதை எம்புட்டுப் பெரிசு?"

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வாழைப்பழ பொம்மைக் காந்தத்தைக் காட்டி, இதைப் பல ஆயிரம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு என்றாள். அவன் சிரித்தான். இதைக் கேட்கத்தான் எங்க ஊரையே வாயைப் பொத்தச் சொன்னீகளா என்றான். ஆனால் அன்று மாலை மைதானத்தில் பிள்ளைகளிடம் அவன் இதையே கைகாலை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். நம்ம ஊருக்கு மேலதான் உலகத்தோட மொத காந்தம் வந்து எறங்குது, எவனும் போனைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இருளப்பனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் ஓடாத வகை. மதுரையில் இருந்தவரை புஜத்தில் ஒரு சென்சார் ஒட்டியிருப்பான். சர்க்கரை கீழே இறங்கினால் அது போனுக்குச் சொல்லும், போன் ஊளையிடும். பலமுறை அந்த ஊளைதான் அவனைக் காப்பாற்றியிருக்கிறது. அமைதி வட்டத்துக்குள் வந்ததும் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. மருத்துவக் காரணம் சொல்லி விலக்குக் கேட்கலாம் என்று சேதுமதி சொன்னாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டி ஊரெல்லாம் போனைப் பிடுங்குகிறாள், புருஷன் கையில் மிஷினைக் கட்டிக்கொண்டு திரிந்தால் எவன் மதிப்பான் என்றான். மூன்று வருடம்தானே, விரலைக் குத்திப் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

மூன்று வருடம் என்றுதான் ஊரிடம் கேட்டிருந்தார்கள். ஊரும் அதற்குத்தான் கைதூக்கியது.

மூன்றாவது வருடம் முடிகிற சமயத்தில் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு ஒரு கூட்டம் நடந்தது. ஆய்வக இயக்குநர் டாக்டர் ஊர்மிளா வரதன் மேடையேறிப் பேசினார். இன்னும் ஒன்றும் தென்படவில்லை, பாதியில் விட்டால் இதுவரை நீங்கள் பட்ட கஷ்டம் வீணாகிவிடும், இன்னும் இரண்டே வருடம் கொடுங்கள் என்று கைகூப்பினார். நல்ல பேச்சு. சேதுமதிக்கே கண் கலங்கியது. ஊர் முனகிக்கொண்டே மறுபடியும் கைதூக்கியது. முன்வரிசையில் முதலில் தூக்கியவன் இருளப்பன்.

அதற்கு அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விளையாடிவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை இறங்கியிருக்கிறது. சேதுமதி வட்டத்தின் மேற்கு எல்லையில் ஜீப்போடு சுற்றிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பந்தாட்டத்துக்கு வாத்தியார் வரவில்லையே என்று பிள்ளைகள் தேடிப்போய்த்தான் பார்த்தார்கள். உடம்பு சில்லிட்டிருந்தது.

டாக்டர் ஊர்மிளா வீட்டுக்கு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அது நடிப்பு இல்லை என்று சேதுமதிக்கு இன்றைக்கும் தெரியும். அவள் அப்போது யார்மீதும் கோபப்படவில்லை. யார்மீது படுவது? விஷயம் பெரியது, கேட்டுத்தான் ஆக வேண்டும், அவனும் மனதாரத்தான் ஒத்துக்கொண்டான் என்று நாளுக்கு நூறு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது ஐந்து வந்துவிட்டது; அந்த முதல் காந்தம் இருப்பது உறுதியாகிவிட்டது. சரி, கிடைத்ததே, அதுவரை நல்லது என்று அந்த ஜாங்கிரியை எடுக்கப் போனபோதுதான் ஜெரால்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

ஜெரால்டு தரவுகளைக் கணக்கிடும் பிரிவில் இருப்பவன். நாகர்கோவில் பக்கம். அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். நின்றபடியே, தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"அக்கா, நான் போறதுக்கு முன்ன உங்கட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. நாலு எப்ப வந்துச்சுன்னு தெரியுமா?"

போன வருடம் வந்திருக்கும் என்றாள் சேதுமதி.

"இல்லக்கா. மூணாம் வருசக் கடைசியில. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடியே. நாங்க நாலு பேரு உக்காந்து பாத்தோம். மேடம், நான், இன்னும் ரெண்டு பேரு. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு மேடம் சத்தியம் வாங்கிட்டாங்க."

சேதுமதியும் இயற்பியல் படித்தவள்தான். ஒரு அளவீடு எவ்வளவு நம்பகம் என்பதைச் சிக்மா என்ற எண்ணால் சொல்வார்கள்; ஐந்து வந்தால்தான் கண்டுபிடிப்பு. அது நாள் ஆக ஆக எப்படி வளரும் என்று அவளுக்குத் தெரியும். நேர்கோடாக வளராது, காலத்தின் வர்க்கமூலத்தோடு மெதுவாக ஏறும். மூன்று வருடத்தில் நான்கு சிக்மா என்றால், ஐந்தைத் தொட இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம். கணக்கு மனதுக்குள் தானாக ஓடி முடிந்தது. மேடையில் கைகூப்பிக் கேட்ட அதே இரண்டு வருடம். ஒன்றுமே தென்படாமல் இருந்திருந்தால், இன்னும் இரண்டு வருடம் போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்தக் கேள்வியைப் பந்தலில் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜாங்கிரியைக் காகிதத்தோடு கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். பாகு விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. கையைக்கூடக் கழுவாமல் மாடிப்படி ஏறினாள்.

டாக்டர் ஊர்மிளாவின் அறையில் பூங்கொத்துகள் வந்து குவிந்திருந்தன. அவர் சந்தோஷமாக எழுந்து வந்தார். சேதுமதியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவள் சுற்றிவளைக்காமல் கேட்டாள். அவரும் மறைக்கவில்லை. உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நாலுங்கறது கண்டுபிடிப்பு இல்ல, சேதுமதி. நாலுங்கறது ஒரு நல்ல சந்தேகம். அவ்வளவுதான். நாலைப் பார்த்துட்டு ஊரைக் கூட்டி அறிவிச்சு, அப்புறம் அது காத்தோட போன கதை எங்க துறையில எத்தனையோ இருக்கு."

"நாலுன்னா தப்பா இருக்கறதுக்கு முப்பதாயிரத்துல ஒரு பங்கு வாய்ப்பு. அவ்வளவுதானே, மேடம்?"

"ஆமா."

"அஞ்சுன்னா முப்பத்தஞ்சு லட்சத்துல ஒரு பங்கு."

"ஆமா."

"இந்த முப்பதாயிரத்துக்கும் அந்த முப்பத்தஞ்சு லட்சத்துக்கும் நடுவுல ஒரு மனுசன் செத்துப்போனாரு."

டாக்டர் ஊர்மிளா நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. நாலு வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லியிருந்தால், பார்த்தாகிவிட்டதல்லவா, மூட்டையைக் கட்டுங்கள் என்று சொல்லியிருப்பார்கள் என்றார். முப்பது வருடம் இதற்காகத்தான் வாழ்ந்தேன், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை என்றார். வேறு கண்டத்தில் வேறொரு குழு இதே வேலையைச் செய்துகொண்டிருந்ததையும், விட்டால் அவர்கள் முந்தியிருப்பார்கள் என்பதையும் சொன்னார். ஒவ்வொன்றும் உண்மைதான். அது உண்மையாக இருந்ததுதான் சேதுமதிக்குத் தாங்கவில்லை.

"ஊர் முடிவு பண்ணட்டுமே மேடம். நாலு வந்திருக்கு, அஞ்சு ஆக ரெண்டு வருசம் வேணும், குடுக்கறீங்களான்னு கேட்டிருக்கலாமே. குடுத்திருப்பாங்களோ என்னவோ. மாட்டோம்னு சொல்ற உரிமை அவங்களுக்கு இருந்துச்சா இல்லையா? என் வீட்டுக்காரர் முன்வரிசையில உக்காந்து உங்களை நம்பிக் கையைத் தூக்கினாரு. அன்னிக்கே வட்டத்தைக் கலைச்சிருந்தா அடுத்த நாளே அந்த சென்சாரை ஒட்டியிருப்பாரு."

டாக்டர் ஊர்மிளா ஒரு பூங்கொத்தை நகர்த்தி வைத்துவிட்டு, தான் ஏற்கெனவே மனதில் வைத்திருந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். கண்டுபிடித்த புலத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். எத்தனையோ பெரிய பெயர்களைச் சொல்கிறார்கள். ஆனால் அவர் 'இருளப்பன் விதைப்புலம்' என்று முன்மொழியப்போகிறார். உலகம் முழுக்க அவன் பெயரைப் பாடப்புத்தகத்தில் படிப்பார்கள்.

இந்தப் பெண்மணி அன்பாகத்தான் இதைச் சொல்கிறார் என்று தெரிந்தபோது, சேதுமதிக்கு மேசையில் இருந்த பூங்கொத்துகளை எல்லாம் வாரி மூஞ்சியில் எறியலாம்போல வந்தது.

"அவரு பேரை இனிமே உங்க வாயால சொல்லாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

அடுத்த வாரமே மறுபடி பந்தல் போட்டார்கள். அதே பள்ளி மைதானம். வாலிபால் வலை கட்டுகிற கம்பங்களிலேயே பந்தலின் ஒரு பக்கத்தை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இந்த முறை கேட்டது இரண்டு வருடம் இல்லை. விதை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதன் உருவத்தை வரைய வேண்டும். அதற்கு ஏரியல்கள் நான்கு மடங்காகும், வட்டம் பெரிதாகும், அமைதி இருபது வருடம் நீளும். கோட்டாட்சியர் தலைமையில் கருத்துக் கேட்புக் கூட்டம். சட்டப்படி ஊர் ஒப்ப வேண்டும். ஒத்துழைப்பு எப்படி இருந்தது என்று குறுக்கீட்டுப் பிரிவின் சார்பில் சேதுமதி இரண்டு வார்த்தை பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. டாக்டர் ஊர்மிளா அதை எடுக்கச் சொல்லவில்லை. பயந்தாரோ, அல்லது பேசட்டும் என்று விட்டாரோ, தெரியாது.

சேதுமதி ஒலிபெருக்கி முன் நின்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் பேச்சு தெளிவாக வந்தது. சிக்மா என்றால் என்னவென்று சொன்னாள். நான்கு என்றால் என்ன, ஐந்து என்றால் என்ன என்று சொன்னாள். போன கூட்டம் நடந்த அன்றே நான்கு வந்திருந்ததைச் சொன்னாள். ஒன்றும் தென்படவில்லை என்று இதே இடத்தில் சொன்னது பொய் என்றாள். அந்தப் பொய்க்கு அப்புறம் கொடுத்த இரண்டு வருடத்தில் தன் புருஷன் செத்ததைச் சொன்னாள். இனிமேல் ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள் என்று முடித்தாள்.

பந்தலில் இரைச்சல் கிளம்பியது. நாற்காலிகள் உருண்டன. கோட்டாட்சியர் அமைதி அமைதி என்று மேசையைத் தட்டினார். ஒருவர் எழுந்து இது உண்மையா என்று டாக்டர் ஊர்மிளாவைக் கேட்டார். அவர் எழுந்து நின்றார்.

"உண்மை," என்றார். நின்றுகொண்டே இருந்தார்.

சேதுமதி மேடையிலிருந்து இறங்கப் போனாள். உடம்பு முழுக்க ஒரு வெற்றி ஓடியது. கசப்பான, சுடுகிற வெற்றி, ஆனாலும் வெற்றிதான். அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, நில்லுங்க. நான் ஒண்ணு கேக்கணும்."

எழுந்தவள் பஞ்சவர்ணம். கிழக்குத் தெருவில் பருத்தி போடுகிறவள். நாற்பது வயது இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டம் தனக்கு வழிவிடும்வரை காத்திருந்து, மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுல ஒரு போன் இருந்துச்சு. பருத்திக் காட்டுக்குப் போறப்ப எங்கப்பா மடியில கட்டிக்கிட்டுப் போவாரு. நீங்க ஜீப்புல வந்து வாங்கிட்டுப் போனீக. தனியாக் காட்டுல கிடக்கிற மனுசன், விட்டுருங்கன்னு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன். நெனப்பிருக்கா?"

சேதுமதி அந்த முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வாசல்கள். எத்தனையோ பேர் கையைப் பிடித்திருக்கிறார்கள். எவ்வளவு தேடியும் இந்த முகம் அகப்படவில்லை.

"இல்ல," என்றாள்.

"அடுத்த வாரம் அவரை விரியன் கடிச்சிருச்சு. போன் இருந்தா இருந்த எடத்துலயே உக்காந்து கூப்பிட்டிருப்பாரு. கம்பி போனுக்கு ஊருக்குள்ளதான வரணும்? ஓடி வந்தாரு. கடிபட்ட காலோட காட்டுல இருந்து ஓடி வந்தாரு. போனைத் தொட முந்தியே விழுந்துட்டாரு. காத்தமுத்துன்னு பேரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

பஞ்சவர்ணம் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இது நீங்க சொல்ற கூட்டத்துக்கு ஒரு வருசம் முந்தி நடந்துச்சும்மா. அப்ப நாலும் வரல்ல. யாரும் பொய்யும் சொல்லல்ல. எல்லாம் சட்டப்படி நடந்துச்சு. உங்க வீட்டுக்காரரு நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல போனாரு, அதனால தப்புன்னு சொல்றீக. சரி. நாலுக்கு முந்திப் போனவுகளை எந்தக் கணக்குல வைக்கிறது?"

சேதுமதி வாயைத் திறந்தாள். பதில்கள் இருந்தன. முதல் மூன்று வருடத்துக்கு ஊர்தானே ஒப்புக்கொண்டது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அவள் தன் புருஷனுக்குக்கூட விலக்கு வாங்கவில்லை. எல்லாமே சரியான பதில்கள். போன வாரம் மாடி அறையில் டாக்டர் ஊர்மிளா சொன்னவையும் சரியான பதில்களாகத்தான் இருந்தன.

"வாத்தியாரு தங்கமான மனுசன்," என்றாள் பஞ்சவர்ணம். "எம் பிள்ளைக்கும் அவருதான் வெளையாட்டுச் சொல்லிக்குடுத்தாரு. அவரு செத்ததுக்கு நானும் அழுதேன். ஆனா எங்கப்பா செத்தன்னிக்கு உங்களுக்குக் கோவம் வரலியேம்மா. மறுநாளும் ஜீப்பு எங்க தெருவுல போச்சே."

"வரல்ல," என்றாள் சேதுமதி. ஒலிபெருக்கி அணைக்கப்படாமல் இருந்ததால் அந்த வார்த்தை மைதானத்தின் கடைசிவரை கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. பிரசவ வலி எடுத்தபோது கம்பி போன் மழையில் வேலை செய்யாமல் போனதை ஒருத்தி சொன்னாள். மகன் வெளிநாட்டில் இறந்த செய்தி வந்து சேருவதற்குள் அங்கேயே அடக்கம் முடிந்துவிட்டதை ஒருவர் சொன்னார். காது கேட்கும் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஐந்து வருடமாகப் பேரப்பிள்ளைகளின் பேச்சைக் கேட்காத ஒருவர், தனக்கு என்ன நடக்கிறதென்றே புரியாமல் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் இருந்தவர் சுட்டிக் காட்டினார். சேதுமதி மேடையின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஊர்மிளா மேலே நின்றுகொண்டிருந்தார். அவர்கள் இருவரும் ஒரே பக்கத்தில் இருந்தது அப்போதுதான் சேதுமதிக்கு உறைத்தது. கூட்டம் அவர்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர் ஒப்பவில்லை. கோட்டாட்சியர் எண்ணிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

மாதக் கடைசியில் அமைதி வட்டம் கலைக்கப்பட்டது. பிரபஞ்சத்தின் முதல் காந்தம் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி உலகம் முழுக்கப் போனது. கட்டுரையில் எழுதியவர்கள் வரிசையில் சேதுமதியின் பெயரும் இருந்தது. புலத்துக்கு யார் பெயரையும் வைக்கவில்லை. பொய் சொன்னதற்காக டாக்டர் ஊர்மிளாமீது விசாரணை வந்தது; அதற்குள் அவரே பொறுப்பிலிருந்து விலகிச் சென்னைக்குப் போய்விட்டார். கண்டுபிடிப்பு மட்டும் சரியாகத்தான் இருந்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியவில்லை. மஞ்சநேந்தலில் கைபேசிகள் கூவ ஆரம்பித்தன. டீக்கடையில் பாட்டுப் போட்டார்கள். ஏரியல்களுக்கு நடுவே ஆடுகள் மேய்ந்தன.

சேதுமதிக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் அதை முன்போல ஒரே ஆள்மீது வைக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் அது அவள்மீதே வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரை விட்டுப் போய்விடலாம் என்று பெட்டியைக்கூட எடுத்துவைத்தாள். பிறகு ஒரு நாள் முற்பகலில், ஜீப் இல்லாமல், கிழக்குத் தெருவுக்கு நடந்தாள்.

பஞ்சவர்ணம் வாசலில் சாக்கை விரித்துப் பருத்தியில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

"போன் எதுவும் திருப்பிக் குடுக்க வந்தீகளா? அதெல்லாம் ஆபீசுல வந்து வாங்கிக்கிட்டோம்."

"இல்ல. அன்னிக்கு உங்கப்பாவுக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசாக் கேக்கணும்."

"கேட்டு என்ன செய்யப் போறீக?"

"தெரியல்ல."

பஞ்சவர்ணம் மறுபடி பருத்தியைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒரு கை, இரண்டு கை, அப்படியே வெகுநேரம் போனது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சேதுமதி திரும்பிப் போகவில்லை.

"உக்காருங்கன்னு சொல்ல மனசு வரல்ல," என்றாள் பஞ்சவர்ணம், தலை நிமிராமல். "நின்னுக்கிட்டே கேளுங்க."

அவள் தொடங்கினாள். அன்று காலை அவர் கம்மங்கூழ் குடித்துவிட்டுக் காட்டுக்குக் கிளம்பியதிலிருந்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். சேதுமதி நின்றபடியே கேட்டாள்.